மாற்றரிய நினைவும் எழுதும் அதிகாரமும்: பணிசெயல் முறைமைக் கருனியின் காப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

கணினியின் உள்ளமைப்புப் பற்றிய கட்டுரையொன்று தமிழ்ச் சங்கத்தின் ஆய்விதழில் இடம்பெறுதல் பொருந்துமா என்ற ஐயம் வாசகர் சிலர்க்கு எழலாம். மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்பன பற்றித் தமிழாய்வாளர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளனர். அவ்வாதங்களின் அடியில் இருப்பவை மூன்று வினாக்கள். எழுதப்பட்டதொன்றை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? அம்மாற்றம் எப்போது நிகழலாம்? நிகழ்ந்ததைப் பின்வந்தோர் எவ்வாறு அறிவர்? இதே வினாக்கள் இன்று கணினியின் நினைவகத்தினுள்ளும் எழுந்துள்ளன. சம்பளப் பட்டியலும் காணிப் பதிவும் வாக்காளர் இடாப்பும் வைத்தியசாலைக் குறிப்பும் கணினிகளைச் சார்ந்துவிட்ட நிலையில், அவற்றுக்குத் தரப்படும் விடைகளைப் பொறியியலாளர் தம்முள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட இயலாது.

பணிசெயல் முறைமையின் கருனியில், அரிதாகவே மாற்றப்படும் நினைவுப் பகுதிகளை எவ்வாறு காப்பது என்னும் சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். வேண்டியவிடத்து யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கையாளப்படுகின்றது. அதனை வெறும் உவமையாகக் கொள்ளவேண்டியதில்லை என்பது பிற்பகுதியிற் புலனாகும்.

2

கணினியில் இயங்கும் செய்நிரல்கள் யாவற்றுக்கும் அடியில் நின்று, நினைவகத்தையும் முறைவழியாக்கியின் நேரத்தையும் சாதனங்களையும் அவற்றுக்குப் பங்கிட்டளிக்கும் மென்பொருளே பணிசெயல் முறைமை. அதன் மையப் பகுதியை ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். தமிழ்க் கணினியாளர் கருனி என வழங்குவர். சாதாரணச் செய்நிரலொன்று தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவுக்கு அப்பாற் கைவைக்க முடியாது. கருனிக்கு அத்தகைய எல்லை இல்லை. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடக்கிய லினக்ஸ் கருனியை எடுத்துக்கொள்வோம். கோப்பு முறைமை, வலையமைப்பு, வலையட்டை முதல் ஒலியட்டை வரையான சாதனங்களின் இயக்கிகள் ஆகிய அனைத்தும் அங்கே ஒரே முகவரிவெளியில், ஒரே அதிகாரத்துடன் வாழ்கின்றன. எங்கோ ஒரு மூலையில் உள்ள சாதன இயக்கியில் வழுவொன்று இருப்பின், அதனைப் பயன்படுத்தும் ஒருவர் கருனியின் வேறெந்தப் பகுதியிலும் தாம் விரும்பியதை எழுதும் வாய்ப்பைப் பெறக்கூடும்.

கருனியின் நினைவை மாற்றத்தின் அடிப்படையில் மூவகைப்படுத்தலாம். ஒருபோதும் மாறாதவை ஒரு வகை. கட்டளைகளும் மாறிலிகளும் இதனுள் அடங்கும். இடையறாது மாறுவன இன்னொரு வகை. எண்ணிகள், வரிசைகள், வந்து போகும் தரவுப் பொதிகள் என்பன இத்தகையன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது அரிதில் மாறுவது. கணினி தொடங்கும்போது ஒருமுறை எழுதப்பட்டு, அதன்பின் மாதத்துக்கு ஒருமுறையோ அல்லது கணினி நிறுத்தப்படும் வரை ஒருமுறைதானுமோ மாறாதிருப்பது அது. எந்தப் பாதுகாப்புக் கொள்கை நடைமுறையில் உள்ளது என்பதைக் கூறும் கொடிகள், எந்த அழைப்புக்கு எந்தச் செயற்கூறு விடையளிக்கும் என்பதைக் கூறும் அட்டவணைகள், எந்த உதவிச் செய்நிரலை உயரதிகாரத்துடன் இயக்கலாம் என்பதைக் கூறும் பாதைப் பெயர்கள் ஆகியன இங்கு உள்ளன.

மாறாததை முத்திரையிட்டு வைக்கலாம். ஓயாது மாறுவதைத் திறந்தே வைத்தல் வேண்டும். இவற்றிற் கோட்பாட்டுச் சிக்கல் எதுவும் இல்லை. அரிதில் மாறுவதோ தன்னகத்தே முரண்பாடொன்றைக் கொண்டது. அது எழுதத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும், எழுதவொண்ணாததாகவும் இருத்தல் வேண்டும். தாக்குவோர் விரும்பித் தேடுவதும் இதனையே. ஆட்சியின் விதிகள் அங்கேதான் எழுதப்பட்டுள்ளன. அரிதில் மாறுவதால் அவற்றை மீள மீளச் சரிபார்ப்போரும் இலர்.

லினக்ஸ் கருனியில் மொட்புரோப் பாதை என்றொரு மாறி உண்டு. அதன் நீளம் 256 பைட்டு. கருனிக்குப் புதிய கூறொன்று தேவைப்படும்போது, அதனை ஏற்றித் தரும் உதவிச் செய்நிரல் எவ்விடத்து உள்ளது என்பதை அம்மாறி கூறும். அச்செய்நிரல் முழு அதிகாரத்துடன் இயங்கும். நிருவாகி விரும்பின் அப்பாதையை மாற்றலாம். நடைமுறையில் மாற்றுவோர் மிகச் சிலரே. வழுவொன்றின் வாயிலாக அவ்விடத்தில் ஒரு சில எழுத்துகளை எழுத முடிந்தவர், தமது செய்நிரலின் பெயரை அங்கே பொறித்துவிட்டு, கருனி அதனை அழைக்க நேரும் தருணமொன்றை உண்டாக்கினாற் போதும். கட்டளை எதனையும் அவர் மாற்றவில்லை. கருனி தன் சொந்த விதிப்படி ஒழுகியே தன்னைக் கையளித்துவிடுகின்றது. 2017 இல், இத்தகைய உதவிகள் யாவற்றையும் மாற்றமுடியாத ஒரே பாதையின் வழி நடத்தும் தெரிவொன்று லினக்ஸிற் சேர்க்கப்பட்டது. அதனைத் தெரிவு செய்தால் தாக்குவோரின் வழி அடைபடுகின்றது. பாதையை வேண்டியவாறு வகுக்கும் நிருவாகியின் உரிமையும் உடன் போய்விடுகின்றது. இவ்விலையை நினைவில் இருத்துதல் நன்று.

3

எழுதக்கூடியதையும் எழுதவொண்ணாததையும் பிரித்தல் கணினியின் இளமைக் காலத்திலேயே தோன்றியது. அது உழைப்பின் வரலாறாகவும் உள்ளது. தொழில்நுட்ப நூல்கள் பல இதனை ஓரடியிற் கூறிக் கடந்துவிடுவதால், இங்குச் சற்றே நின்று நோக்குதல் தகும்.

1969 இல் நிலவில் இறங்கிய அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டற் கணினியில் இருவகை நினைவு இருந்தது. அழித்தெழுதத்தக்கது 2,048 சொற்கள். நிலையானது 36,864 சொற்கள். ஈண்டுச் 'சொல்' என்பது 15 பிட்டுகளும் சரிபார்ப்புக்குரிய பிட்டு ஒன்றும் கொண்ட அலகாகும். நிலையான நினைவு, சொல்லின் நேர்ப்பொருளிலேயே, நெய்யப்பட்டது. சிறிய காந்த வளையமொன்றின் ஊடே கம்பி சென்றால் 1. வளையத்தை விலக்கிச் சென்றால் 0. மசாசூசெற்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் ரேதியன் கம்பனியின் தொழிற்சாலையிற் பெண் தொழிலாளர் இவ்வேலையைச் செய்தனர். நெசவாலைகளுக்கும் கடிகாரத் தொழிலுக்கும் பேர்பெற்றிருந்த நகரம் அது. நூலைக் கையாண்ட விரல்களும் நுண்பற்சில்லுகளைக் கையாண்ட விரல்களும் அங்குக் கிடைத்தன. செய்நிரலிற் பிழை காணப்படின் மீள நெய்தல் வேண்டும். ஆதலால் ஏவுதலுக்குப் பல வாரங்கள் முன்னரே செய்நிரல் முடிவுறுத்தப்படவேண்டியிருந்தது. பொறியியலாளர் இதற்கு 'முதிய பெண்மணிகளின் நினைவு' என்று பட்டப்பெயர் சூட்டினர். செய்நிரலை எழுதியோரின் பெயர்கள் சில வரலாற்றில் நின்றுள்ளன. நெய்தோர் பெரும்பாலும் ஒளிப்படங்களிற் குனிந்த தலைகளாகவே எஞ்சியுள்ளனர்.

மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) இயந்திரத்தை இறந்த உழைப்பாக, உயிருள்ள உழைப்பின் எதிரே நிற்பதாகக் காண்பார். மாற்றவியலாத நினைவு என்பது அக்கருத்தின் மிகத் துல்லியமான வடிவமெனலாம். அங்கே உழைப்பு உறைந்து, தன்னை ஆக்கியோரும் திருத்த முடியாத கட்டளையாகிவிடுகின்றது.

குறைகடத்திக் காலத்தில் நெசவு தேவைப்படவில்லை. நினைவகம் முழுவதும் ஒரே வகைப் பொருளாயிற்று. எதனை எழுதலாம், எதனை எழுதலாகாது என்ற வேறுபாடு பொருளிலிருந்து நீங்கி ஓர் அட்டவணைக்குள் இடம்பெயர்ந்தது. நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்படும். வழக்கமாகப் பக்கமொன்று 4,096 பைட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அப்பதிவிலுள்ள ஒரு பிட்டு, அப்பக்கத்தில் எழுதலாமா என்பதைத் தீர்மானிக்கும். 1985 இல் வெளிவந்த இன்டெல் 80386 முறைவழியாக்கியில் இப்பிட்டு இருந்தது. ஆயினும் அது சாதாரணச் செய்நிரல்களையே கட்டுப்படுத்தியது. கருனி எழுத முற்படும்போது முறைவழியாக்கி அதனைப் பொருட்படுத்தவில்லை. 1989 இல் வந்த 80486 இலேயே, கருனியையும் அவ்விதிக்கு உட்படுத்தும் கட்டுப்பாட்டுப் பிட்டொன்று சேர்க்கப்பட்டது. சட்டம் குடிகளுக்கு மட்டுமன்றி ஆள்வோருக்கும் பொருந்தும் என்ற நிலை அவ்வகை முறைவழியாக்கிகளுக்கு வர நான்கு ஆண்டுகள் சென்றன. அப்பிட்டை அணைத்துவிடும் அதிகாரமோ கருனியிடமே விடப்பட்டது.

4

லினக்ஸில் மாறிலித் தரவுகளை எழுதவொண்ணாதவை ஆக்கும் ஏற்பாடு 2006 இல் வந்தது. அது முதலிற் பிழை தேடும் உதவியாகவே கருதப்பட்டது. காப்பு என்ற நோக்கில் அதனை நீட்டியவர்கள், பிரதான லினக்ஸ் மரபுக்குப் புறத்தே பணியாற்றிய பேக்ஸ், ஜிஆர்செக்கியூரிட்டி ஆகிய குழுவினர். அவர்களுடைய கருத்துகள் பலவற்றைப் பிரதான மரபினுட் கொணரும் பணியை 2015 இல் கீஸ் குக் என்பார் முன்னின்று தொடக்கிய கருனித் தற்காப்புத் திட்டம் மேற்கொண்டது.

முரண்பாட்டைத் தீர்க்கும் முதல் வழி காலத்தாற் பிரித்தல். கருனி தொடங்கும் கட்டத்தில் எழுதப்பட்டு, அதன்பின் மாறாத மாறிகளுக்கு ஒரு குறியீடு இடப்படும். தொகுக்கும்போது அக்குறியீடு பெற்றவை யாவும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒன்றுசேர்க்கப்படும். தொடக்கக் கட்டம் முடிந்ததும் அப்பக்கங்கள் முத்திரையிடப்படும். 2016 இல் லினக்ஸ் 4.6 பதிப்பில் இது சேர்ந்தது. ஒன்றுசேர்த்தல் ஏன் வேண்டும் எனின், காப்பின் மிகச் சிறிய அலகு பக்கமாதலின், ஒரே பிட்டு நீளமுள்ள கொடியொன்றைக் காக்க விரும்பினும் அதனோடு குடியிருக்கும் 4,096 பைட்டையும் காத்தல் வேண்டும். ஓயாது மாறும் எண்ணியொன்று அதே பக்கத்தில் இருப்பின் காப்பு இயலாது.

இவ்வழி எளியது, செலவற்றது. ஆயினும் தொடங்கியபின் ஒருமுறையேனும் மாறவேண்டிய தரவுக்கு இது உதவாது. நிருவாகி நண்பகலில் பாதுகாப்புக் கொள்கையொன்றை மாற்ற விரும்பலாம்; புதிய கூறொன்று ஏற்றப்படலாம். அப்போது முத்திரையை உடைத்து எழுதி மீண்டும் முத்திரையிட வேண்டும். அந்த இடைக்கணமே ஆபத்தின் கணம்.

சுவடியியலாளர்க்கு இது புதிதன்று. ஏட்டில் எழுத்தாணியாற் கீறிய எழுத்தைச் சுரண்டி மாற்றுவது அரிது. எனினும் ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்தாக வேண்டும். பாடம் மாறுவது பெரும்பாலும் அப்படியெடுப்பிலேயே. கரம்பொனிற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் (1913–1980), 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டபோது, எழுத்துக்கோத்து மீள அச்சிடாமல் மூலப் பக்கங்களின் நிழற்படியாகவே தந்தார். புதிய எழுத்துக்கோப்பில் நுழையக்கூடிய கை அங்கு நுழைய இடமில்லை. (எழுதுதலைத் தடுக்கும் காப்பு அழித்தலைத் தடுப்பதன்று என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எந்தப் பாடமும் திருத்தப்படவில்லை. மெய்ம்மையைக் காத்தலும் இருப்பைக் காத்தலும் வெவ்வேறு பணிகள். இக்கட்டுரை முன்னதனையே பேசுகின்றது.)

இடைக்கணத்தைக் கையாள இரு வழிகள் முன்மொழியப்பட்டன. மேலே குறிப்பிட்ட கட்டுப்பாட்டுப் பிட்டை அணைத்து, எழுதி, மீண்டும் ஏற்றுவது ஒன்று. இது விரைவானது. குறையோ பெரிது. அக்கணத்தில் அம்முறைவழியாக்கிக்குக் கருனியின் காக்கப்பட்ட பக்கங்கள் அனைத்தும் திறந்துவிடுகின்றன. ஒரு பெட்டியைத் திறப்பதற்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறப்பது போலாகும். அத்துடன், பிட்டை அணைக்கும் கட்டளை கருனியில் எங்கேனும் இருக்குமாயின், தாக்குவோர் கட்டுப்பாட்டோட்டத்தை அங்கே திருப்பிவிடலாம். கருனியினுட் புகுந்து மறைந்து வாழும் தீநிரல்கள் இதே உத்தியை நெடுநாள் கையாண்டு வந்தன. 2019 இல் லினக்ஸ் 5.3 பதிப்பு அப்பிட்டைத் தொடக்கத்திலேயே ஆணியறைந்து வைத்து, அணைக்க முயலும் மாற்றத்தை மீளத் திருத்தும் ஏற்பாட்டைச் செய்தது.

மற்றைய வழி இடத்தாற் பிரித்தல். நினைவின் ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரு முகவரிகள் வழங்கலாம் என்பது பக்க அட்டவணை முறையின் இயல்பு. வழக்கமான முகவரியின் வழி அப்பக்கம் வாசிக்க மட்டுமே கிடைக்கும். எழுத வேண்டியபோது, வேறெவரும் பயன்படுத்தாத தனி அட்டவணையொன்றில், முன்கூட்டி ஊகிக்கவியலாத முகவரியொன்றில், அதே பக்கம் எழுதத்தக்கதாக ஏற்றப்படும். இடையீடுகள் தடுக்கப்பட்ட நிலையில், எழுதும் முறைவழியாக்கி மட்டும் அவ்வட்டவணைக்கு மாறி, எழுதி, திரும்பும். அம்முகவரி உடனே அழிக்கப்படும். ஏனைய முறைவழியாக்கிகள் அதனைக் காண்பதேயில்லை. 2019 இல் லினக்ஸ் 5.2 பதிப்பு, தன் கட்டளைகளைத் தானே ஒட்டுப்போட்டுத் திருத்தும் சந்தர்ப்பங்களுக்கு இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இதனைக் கருனியின் பொதுத் தரவுகளுக்கும் விரிக்க இகோர் ஸ்டோப்பா என்பார் 2018 இல் விரிவான முன்மொழிவொன்றை வைத்தார். காக்கப்பட்ட தரவுக்கெனத் தனி நினைவுக் குளங்கள், அவற்றில் எழுதுவதற்கெனத் தனிச் செயற்கூறுகள், கோவைகளுக்கும் எண்ணிகளுக்கும் உரிய மாற்று வடிவங்கள் என அது விரிந்தது. பிரதான லினக்ஸ் மரத்தில் அது சேர்க்கப்படவில்லை. காரணத்தைத் தொழில்நுட்பத்தில் மட்டும் தேடுதல் போதாது என்பது என் கருத்து. சமக்குறியொன்றை இட்டு மதிப்பை மாற்றும் பழக்கமுடைய ஆயிரக்கணக்கான செய்நிரலாளர், ஒவ்வோரிடத்திலும் சிறப்புச் செயற்கூறை அழைக்கப் பழக வேண்டும். அதனை ஆண்டாண்டாகப் பேணவும் வேண்டும். அவ்வுழைப்பு யார் தலையில் விழும் என்ற வினா எழுந்தவுடன், நல்ல கருத்துகள் பல நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இது லினக்ஸுக்கு மட்டும் உரிய அனுபவமும் அன்று.

அன்றியும் ஒரு நுட்பமான தடை உண்டு. தரவைக் காத்தாற் போதாது. அத்தரவு எங்கே உள்ளது எனக் கூறும் சுட்டியையும் காத்தல் வேண்டும். சுட்டி எழுதத்தக்க பக்கத்தில் இருப்பின், தாக்குவோர் காக்கப்பட்ட மெய்த் தரவைத் தொடாமலே விட்டு, சுட்டியைத் தாம் புனைந்த போலித் தரவின் பக்கம் திருப்பிவிடுவர். உறுதி பெட்டகத்தினுள் பத்திரமாக இருக்கும். கச்சேரியில் வாசிக்கப்படுவதோ வேறோர் உறுதி. சுட்டியைக் காத்தால் அதனைச் சுட்டும் சுட்டி எஞ்சும். ஈற்றிற் பக்க அட்டவணையே நினைவகத்திற் கிடக்கும் ஒரு தரவு என்ற உண்மைக்கு வந்து சேர்கின்றோம். அதில் எழுத முடிந்தவர்க்கு எந்த முத்திரையும் தடையன்று.

5

ஆகவே காவலரைக் காப்பது யார் என்ற பழைய வினா வன்பொருளின் கதவைத் தட்டுகின்றது. வர்த்தக நிறுவனங்கள் கண்ட விடை, கருனிக்கு மேல் இன்னோர் அதிகாரத்தை அமைத்தலாகும். மைக்ரோசொப்ட் 2020 இல் அறிவித்த கருனித் தரவுக் காப்பு இவ்வழிப்பட்டது. விண்டோஸ் கருனி தானே ஒரு மெய்நிகர் இயந்திரத்தினுள் இயங்கும். அதற்கு வெளியே நிற்கும் மேற்பார்வை மென்பொருள் இரண்டாம் நிலைப் பக்க அட்டவணையை வைத்திருக்கும். கருனி தன் அட்டவணையை எவ்வாறு திரித்தாலும் இரண்டாம் அட்டவணை இணங்காது. அப்பிள் நிறுவனம் 2016 இன் ஏ10 முறைவழியாக்கி முதல், கருனியின் மாறாப் பகுதியை நினைவகக் கட்டுப்படுத்தியின் மட்டத்திலேயே பூட்டுகின்றது.

இவ்விடத்து நிதானம் வேண்டும். இக்காப்புகள் திருடரிடமிருந்து பயனாளரைக் காக்கின்றன என்பது உண்மை. பூட்டப்பட்ட கைத்தொலைபேசியின் திறவுகோல் அதனை விலைகொடுத்து வாங்கியவரிடம் இல்லை என்பதும் அதேயளவு உண்மை. தன் உடைமையான பொருளில் எந்தச் செய்நிரல் இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எழுத்துரிமை உற்பத்தியாளரிடமே தங்கிவிடுகின்றது. ஒரே பூட்டு திருடரையும் குடியிருப்போரையும் ஒருங்கே வெளியில் நிறுத்தவல்லது. எவர் எந்தப் பக்கத்தில் நிற்கின்றார் என்பதைப் பூட்டின் பொறிமுறையை மட்டும் ஆராய்ந்து அறிய முடியாது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு முயற்சி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான ஷக்தி முறைவழியாக்கிக் குடும்பம், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத்தொகுதியைத் தழுவியது. அதன் வடிவமைப்பு மூலம் யாவரும் வாசிக்கவும் மாற்றவும் தக்க உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. 2018 இல் அதன் முதற் சில்லுகள் வெளிவந்தன. ரிஸ்க்-ஃபைவ் விதிநூலில் பௌதிக நினைவுக் காப்பு என்றொரு பகுதி உண்டு. நினைவின் ஒரு பரப்பைக் குறித்து, அதில் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகளை எட்டுப் பிட்டுகளாலான பதிவொன்றில் வரையலாம். அவற்றுள் ஈற்றுப் பிட்டு பூட்டுப் பிட்டு. அது ஏற்றப்படாதவரை, அவ்விதி கீழுள்ள நிலைகளையே கட்டுப்படுத்தும். மிக உயர்ந்த இயந்திர நிலை விதிக்கு வெளியே நிற்கும். அது ஏற்றப்பட்டதும் இயந்திர நிலையும் விதிக்கு உட்பட்டுவிடும். பின்னர் அப்பதிவை மாற்றும் அதிகாரம் எவருக்கும் இல்லை, அதனை எழுதியவர்க்கும் இல்லை. முறைவழியாக்கி மீளத் தொடங்கப்படும்போதே பூட்டு நீங்கும்.

காவலரைக் காப்போர் யார் என்ற முடிவிலாத் தொடர் இங்கே ஒருவாறு அறுபடுகின்றது. ஒரு மேலதிகாரிக்கு மேல் இன்னொருவரை நியமிப்பதால் அது அறுபடவில்லை. உச்ச அதிகாரம் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் செயலொன்றால் அறுபடுகின்றது. அரிதில் மாறும் தரவுக்கு இது முழு விடையன்று. மீளத் தொடங்காமல் எழுத முடியாதெனின் 'அரிதாக' என்பது 'தொடக்கத்தில் மட்டும்' எனச் சுருங்கிவிடும். எனினும் திறந்த வடிவமைப்பில் இப்பூட்டு அமைக்கப்படும்போது, அது எவ்வாறு இயங்குகின்றது, பின்கதவு உண்டா என்பதை மூலத்தை வாசித்து அறிய வழியிருக்கின்றது. மூடிய சில்லில் நிறுவனத்தின் வாக்கை நம்புவதன்றி வேறு வழியில்லை.

6

பேசப்பட்டவை யாவும் இயந்திரத்தின் செய்திகள். ஆயினும் எழுத்துரிமை பற்றிய இத்தகைய ஏற்பாட்டை இம்மண் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுள்ளது.

யாழ்ப்பாணத் தமிழரின் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய உரிமை வழக்கங்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவும் நடைமுறையாகவும் நிலவின. வாய்மொழி வழக்கம் எழுதத்தக்க நினைவு. தலைமுறைதோறும், ஊர்தோறும், சண்டைக்குச் சண்டை, அது சிறிது சிறிதாக மாறிவந்திருக்கும். 1706 இல் ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் அவ்வழக்கங்களைத் தொகுக்கப் பணித்தார். யாழ்ப்பாணத்தில் நெடுநாட் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 தொடக்கத்தில் ஒப்படைத்தார். யான் பீரூஸ் என்பார் தமிழாக்கினார். பன்னிரு முதலிமார் வாசித்து ஒப்புதல் அளித்தனர். தேசவழமை என்னும் அத்தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் ஒழுங்குவிதியால் முழு வலு அளித்தனர். முதுசொம், சீதனம் என்னும் சொற்கள் கரம்பொன் உள்ளிட்ட தீவகத்துக் காணியுறுதிகளிற் பயின்றுவருவது அம்மரபின் தொடர்ச்சியே.

மாறிவந்த வழக்கம் ஒரு கணத்தில் முத்திரையிடப்பட்டது. அதன்பின் அது அரிதில் மாறும் நினைவாயிற்று. திருமண உரிமை, மரபுரிமை பற்றிய பெருந்திருத்தம் 1911 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. 1806 இலிருந்து எண்ணினும் 105 ஆண்டுகள். அடுத்த முக்கிய திருத்தம் 1947 இன் 58 ஆம் இலக்கச் சட்டம். முத்திரை உடைக்கப்பட்ட முக்கிய கணங்கள் இவை. ஒவ்வொரு முறையும் எழுதுகோல் சட்டசபையின் கையில் இருந்தது.

இம்முத்திரை காத்தது எதனை? பெண்ணின் சீதன உரிமையை அது ஒருவாறு காத்தது. அதனை மறுத்தல் நேர்மையாகாது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. கோவியர், பள்ளர், நளவர் ஆகியோர் அங்கே சொத்தின் ஒரு வகையாக நிரலிடப்பட்டுள்ளனர். 1806 இன் ஒழுங்குவிதியும், உயர்சாதியினர், குறிப்பாக வெள்ளாளர் ஒருபுறமும், கோவியர், நளவர், பள்ளர் மறுபுறமும் நிற்கும் உரிமை வினாக்களைப் பழைய வழக்கப்படியே தீர்க்குமாறு பணித்தது. ஒப்புதல் அளித்த பன்னிருவர் முதலிமார். நிரலிடப்பட்டோரிடம் எவரும் எதனையும் வாசித்துக் காட்டி ஒப்புதல் கேட்டதாக அத்தொகுப்பின் வரலாறு கூறவில்லை. வாய்மொழி வழக்கம் என்ற நிலையில், காலத்தோடும் உற்பத்தி உறவுகளின் மாற்றத்தோடும் தேய்ந்திருக்கக்கூடிய ஒடுக்குமுறை, எழுத்தின் உறுதியையும் நீதிமன்றத்தின் துணையையும் பெற்றது.

கருனியின் பொறியியலாளர் 'நம்பத்தக்க எழுத்தர்' என்ற கருத்தை முற்கோளாகக் கொள்வர். தொடக்கக் கட்டத்தில் எழுதப்படுபவை யாவும் நல்லவை. ஆபத்து பின்னரே வரும் என்பது அம்முற்கோள். முத்திரையிடுமுன் தவறான மதிப்பு இருந்திருப்பின், காப்பு அத்தவறையே காக்கும். எல்லாச் சோதனைகளும் காப்பு செவ்வனே இயங்குவதாகவே காட்டும்.

அடிமைமுறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சாதிக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது ஊரின் நடைமுறையில் எழுதப்படவில்லை. தேநீர்க்கடையும் கோயில் வாசலும் கிணற்றடியும் பழைய பக்கங்களையே வாசித்துக்கொண்டிருந்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றோரிடம் எழுத்துரிமை இருக்கவில்லை. பொலிசார் அதனை அவர்களுக்குத் தடியால் நினைவூட்டினர். அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு தேநீர்க்கடையாக, ஒவ்வொரு கோயிலாக நடந்த போராட்டங்களின் வழியே அப்பக்கங்கள் சில திறக்கப்பட்டன.

2024 இல் லினக்ஸ் 6.10 பதிப்பிற் புதிய அழைப்பொன்று சேர்ந்தது. செய்நிரலொன்று தன் நினைவின் ஒரு பரப்பை முத்திரையிடுமாறு அதன் வழி கருனியைக் கேட்கலாம். முத்திரையிட்டபின் அப்பரப்பின் உரிமைகளை மாற்றவோ அதனை விடுவிக்கவோ இயலாது. ஓப்பன்பிஎஸ்டி 2023 இல் வெளியிட்ட 7.3 பதிப்பு இதனையொத்த அழைப்பை முன்னரே கொண்டிருந்தது. இரண்டிலும் முத்திரையை நீக்கும் அழைப்பு எதுவும் வைக்கப்படவில்லை. செய்நிரல் முடிவுறும்போது மட்டுமே முத்திரையும் முடிவுறும்.